வான் வண்டிக்குள் பைக்கைக் கட்டிக் கொண்டுபோவது: திருமலையிலிருந்து (திருகோணமலை) கட்டுக்குருந்தவுக்கு

11 ஜனவரி 2025, கேள்வி

"சாம்பல்தீவில் இருக்கிறேன். யமஹா ஆர்15 வைத்திருக்கிறேன். களுத்துறைக்குப் பக்கத்திலுள்ள கட்டுக்குருந்த பந்தயப் பாதையில் பயிற்சி நாளுக்கு ஒருதரமாவது போக ஆசை. ஓட்டிக்கொண்டே போய் ஓட்டிவிட்டு ஓட்டிக்கொண்டே வா, வான் எல்லாம் காசுக்காரரின் ஆடம்பரம் என்று கூட்டாளிகள் சொல்கிறார்கள். மாமாவிடம் ஒரு பழைய டொல்பின் வான் (டொயோட்டா ஹைஏஸ்) சும்மா நிற்கிறது. அதை எடுப்பதென்றால் என்னென்ன செய்ய வேண்டும்? நாலு பக்கமும் கயிற்றால் இழுத்துக் கட்டினால் போதாதா?"

11 ஜனவரி 2025, இரவு

ஆடம்பரம் இல்லை தம்பி. திருமலையிலிருந்து அங்கே ஏறக்குறைய 300 கிலோமீற்றர். அதிவேக நெடுஞ்சாலைக்குள் மோட்டார் சைக்கிளை விடமாட்டார்கள், ஓட்டோவையும் விடமாட்டார்கள். அதனால் பைக்கில் போகிறவர் குருநாகல், கொழும்பு, காலி வீதி என்று முழு நெரிசலையும் தின்றுகொண்டுதான் போய்ச் சேர வேண்டும். வானில் போனால் குருநாகலில் ஏறி மீரிகமவில் இறங்கலாம். 2022இல் திறந்த துண்டு அது. பிறகு கடவத்தையில் ஏறினால் கொட்டாவ வழியாகத் தொடங்கொட வரை நிற்காமல் போகலாம்.

தூரத்தைவிடப் பெரிய காரணம் திரும்பி வருவது. நாள் முழுக்க வெயிலில், தோல் உடுப்புக்குள், வளைவுக்கு வளைவு உடம்பை முறித்துப் போட்டு ஓட்டினவனுக்குப் பின்னேரம் கையிலே பலம் இருக்காது. அந்தக் கையோடு இன்னும் 300 கிலோமீற்றர் பைக் ஓட்டுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். விழுந்தால் என்ன செய்வது என்றும் யோசியுங்கள். கிளச் லீவர் ஒன்று உடைந்தாலே பைக் வீட்டுக்கு வராது. வான் வாசலில் நிற்கிறது என்று தெரிந்தால் மனமும் வேறு மாதிரி இருக்கும். வீடு போய்ச் சேர வேண்டுமே என்று பயந்து பயந்து ஓட்டுகிறவன் அன்றைக்கு ஒன்றும் கற்றுக்கொள்ளமாட்டான்.

கயிறு போதாது. அதைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன்.

12 ஜனவரி 2025

இந்த விஷயத்தில் எல்லாரும் ஏற்றுவதைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். பலகை எவ்வளவு நீளம், எத்தனை பேர் பிடிக்க வேண்டும் என்று. ஏற்றுவது ஐந்து நிமிட வேலை. ஏற்றின பைக் 300 கிலோமீற்றருக்கு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கப்போகிறது என்பதுதான் கேள்வி. வானின் தளம், அதில் பூட்டின வளையம், வளையத்திலிருந்து பைக்குக்குப் போகும் பட்டி. இந்த மூன்றிலும் காசைப் போடுங்கள். மற்றதெல்லாம் வசதி, பிறகு பார்க்கலாம்.

டொல்பின் மாதிரி வான்களில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் சுவர் இல்லை. சடுதியாகப் பிரேக் பிடித்தால் பைக்குக்கும் உங்கள் முதுகுக்கும் நடுவே இருப்பது இருக்கையின் பஞ்சு மட்டும். காய்ந்த தார் ரோட்டில் வான் முழு மூச்சாகப் பிரேக் பிடிக்கும்போது, 140 கிலோ பைக் முன்னுக்குத் தள்ளும் விசை 110 கிலோவைத் தாண்டும். அதை நினைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

முதல் வேலை, பின் இருக்கைகளைக் கழற்றி, கம்பளத்தையும் உரித்து எடுத்துவிட்டு வெறும் தகரத்தைப் பாருங்கள். திருமலை வானென்றால் இதைத் தவிர்க்கவே கூடாது. நமது உப்புக் காற்று தளத்தையும் கதவுக்குக் கீழுள்ள விளிம்பையும்தான் முதலில் தின்னும். மேலே பெயின்ட் பளபளக்கும், கம்பளத்தைத் தூக்கினால் விரல் உள்ளே போகும். அந்த வான் எப்போதாவது மீன் ஏற்றியிருந்தால் இன்னும் கவனம். ஐஸ் உருகி ஓடின உப்புத்தண்ணீர் மடிப்புகளுக்குள் நின்று உள்ளுக்குள்ளேயே அரித்திருக்கும். ஒரு சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகரம் கணீரென்று கேட்கும், அரித்தது பொத்தென்று கேட்கும். அரித்த இடத்தில் வளையம் பூட்டாதீர்கள், அது எவ்வளவு வசதியான இடமாக இருந்தாலும்.

14 ஜனவரி 2025

பொங்கல். இன்றைக்கு வானைத் தொடவேண்டாம் தம்பி.

15 ஜனவரி 2025

கயிறு. கிண்ணியாவிலிருந்து ஒருவர் கீழே எழுதியிருக்கிறார்: "நாங்கள் நைலோன் கயிற்றில் படகையே நங்கூரம் போட்டு நிறுத்துகிறோம், ஒரு பைக்கைக் கட்டமுடியாதா?" அவர் சொல்கிற கயிற்றின் பலத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. நைலோன் இழுபடும். அலை தூக்கி அடிக்கும்போது அந்த இழுவைதான் படகையும் நங்கூரத்தையும் காப்பாற்றுகிறது, அதனால் கடலுக்கு அது நல்ல கயிறு. அதே குணம் வானுக்குள் ஆகாது. குழியில் விழுந்து எழும்பும் ஒவ்வொரு தடவையும் கயிறு கொஞ்சம் நீளும், பைக் கொஞ்சம் ஆடும், ஆட ஆட முடிச்சு இறுகிக் கயிறு தளரும். நைலோன் ஈரமானால் இன்னும் இளகும். பைக்குக்கு வேண்டியது இழுபடாத பொலியெஸ்டர் பட்டி. ஸ்பிரிங் வேலையைப் பைக்கின் முன் ஷொக் செய்யும், பட்டி செய்யத் தேவையில்லை.

பட்டி வாங்கும்போது அதில் தைத்திருக்கும் சீட்டை வாசியுங்கள். அறுகிற பலம் ஒன்று, வேலைக்கு எடுக்கக்கூடிய பலம் இன்னொன்று. கடைக்காரர் பெரிய எண்ணைத்தான் சொல்வார். ஐரோப்பிய முறைச் சீட்டில் எல்சி (LC) என்று போட்டிருப்பதுதான் உங்கள் எண். அது டெக்காநியூட்டனில் இருக்கும், அதை ஏறக்குறையக் கிலோ என்றே எடுத்துக்கொள்ளலாம். சீட்டே இல்லாத பட்டியை வாங்கவேண்டாம்.

19 ஜனவரி 2025

பட்டியை இறுக்க ரட்செட்டா (பற்சக்கரத்தால் இறுக்குவது), கேம் பக்கிளா (கையால் இழுக்க, கவ்விப் பிடிப்பது) என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நான் முன்னுக்கு இரண்டு ரட்செட், பின்னுக்கு இரண்டு கேம் பக்கிள் போடுகிறேன். ரட்செட்டில் பலம் கூட, ஒரு பல் மேலே போனாலே ஷொக் நன்றாகக் கீழே இறங்கிவிடும். புதிதாகக் கட்டுகிறவர் அளவு தெரியாமல் இறுக்கிவிடுவார். கேம் பக்கிளை நம் உடம்புப் பாரத்தால்தான் இழுக்கிறோம், அதனால் எல்லை மீறாது. முன்னுக்குப் பலம் வேண்டும். பின்னுக்கு வால் பக்கவாட்டில் நகராமல் பிடித்தால் போதும்.

இப்போது முக்கியமானது, எங்கே கட்டுவது. ஹாண்டிலில் கட்டாதீர்கள். ஆர்15 போன்ற பைக்கில் ஹாண்டில் என்பது ஷொக் குழாயைக் கவ்வியிருக்கும் இரண்டு தனித்தனிக் குழாய்கள். இழுத்தால் திரும்பும், அல்லது இறங்கும். முன் ஷொக் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் கீழ்த் தகட்டுக்கு மேலாக மெத்தென்ற துணி வளையம் ஒன்றைப் போட்டு, அந்த வளையத்தில் பட்டியின் கொக்கியை மாட்டுங்கள். கொக்கி நேரே உலோகத்தில் படக்கூடாது. பிரேக் குழாயும் வயரும் வளையத்துக்குள் மாட்டுப்பட்டிருக்கிறதா என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ரேடியேட்டர் பக்கத்தில் இருக்கிறது, அதையும் பட்டி உரசக்கூடாது.

பட்டி முன்னுக்கும் வெளிப்பக்கத்துக்கும் கீழ்நோக்கிப் போகவேண்டும். மேலிருந்து பார்த்தாலும் பக்கத்திலிருந்து பார்த்தாலும் 45 பாகைக்குக் கிட்ட இருந்தால் நல்லது. செங்குத்தாகக் கீழே இழுத்தால் பைக் பக்கவாட்டில் விழும். மிகவும் தட்டையாக இழுத்தால் ஷொக் இறங்காது.

20 ஜனவரி 2025

மேலே எழுதினதில் ஒன்று விட்டுப்போய்விட்டது. சைட் ஸ்டாண்டை மடித்துவிட்டுத்தான் கட்டவேண்டும். ஸ்டாண்டில் சாய்த்து வைத்துக் கட்டினால் ஒவ்வொரு குழியிலும் முழுப் பாரமும் அந்த ஒற்றைக் காலில் போய் இறங்கும். தளம் குழியும், அல்லது ஸ்டாண்ட் பூட்டியிருக்கும் காது வெடிக்கும். பைக் நேராக, இரண்டு சில்லிலும் நிற்கவேண்டும். முதலாம் கியரில் விடுங்கள்.

முன் ஷொக்கை எவ்வளவு இறக்குவது? அதன் ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. பாதிக்கு மேல் வேண்டாம். அடிமட்டம் வரை இறுக்கினால் குழியில் போக இடமில்லாமல் பட்டியும் வளையமும் அடி வாங்கும். குறைவாக இறக்கினால் ஒரு நல்ல குழியில் ஷொக் இன்னும் இறங்கி, அந்த நொடியில் பட்டி தொய்ந்து, கொக்கி கழன்றுவிடும். கழன்று விழுந்த பைக்குகளின் கதை பெரும்பாலும் இதுதான். வாய் மூடின கொக்கி வாங்கினால் இந்தப் பயம் பாதி குறையும்.

ஷொக்கை இறக்கி வைத்தால் சீல் போய்விடும் என்று ஒரு பேச்சு உண்டு. ரோட்டில் ஓட்டும்போது அதே சீல் இதைவிட மோசமான அடியை ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை வாங்குகிறது. ஒரு பயணத்துக்காகக் கவலைப்பட ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்தபிறகு கிழமைக்கணக்கில் கட்டியபடியே விடாதீர்கள், அவ்வளவுதான்.

26 ஜனவரி 2025

தளத்துக்கு வருகிறேன். இதைத்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளும்.

வளையம் பூட்ட மிக நல்ல இடம் கம்பனியே போட்டிருக்கும் ஓட்டைகள். இருக்கை பூட்டியிருந்த இடத்திலும் சீட் பெல்ட் பூட்டியிருந்த இடத்திலும் தகரத்துக்குக் கீழே தடித்த தகடு வைத்து நட்டைப் பற்றவைத்திருப்பார்கள். ஒரு முழு மனிதனை விபத்தில் பிடித்து நிறுத்தக் கணக்குப் போட்ட இடம் அது. பெரும்பாலான ஜப்பான் வாகனங்களில் சீட் பெல்ட் ஓட்டையின் மரை 7/16 அங்குல நுண்மரை. மில்லிமீற்றர் ஆணியை அதற்குள் பலவந்தமாகத் திருகினால் மரை கெட்டுவிடும், கவனம். இருக்கையோடு கழன்ற பழைய ஆணியைக் கடைக்குக் கொண்டுபோய், அதற்குப் பொருந்துவதையே வாங்குங்கள்.

இருக்கிற ஓட்டை சரியான இடத்தில் இல்லையென்றால் புதிது போடலாம். துளைக்கு முன் கீழே படுத்துப் பாருங்கள். எண்ணெய்த் தாங்கி, பிரேக் குழாய், வயர்க் கட்டு எல்லாம் அங்கேதான் ஓடுகின்றன. வேலை செய்கிற பாஸ் (மெக்கானிக்) "தெரியும் தெரியும்" என்று மேலிருந்தே துளைக்கப் போனால் நிறுத்துங்கள். கீழ்ப்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தடித்த இரும்புத் தகடு வைத்து, அதற்குக் கீழே நட்டைப் போடவேண்டும். வெறும் வொஷரோடு விட்டால், ஒரு பெரிய இழுப்பில் ஆணி தகரத்தைக் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிடும்.

வளையத்திலும் பார்க்க இருக்கிறது. ஹாட்வெயார் கடையில் கம்பியை வளைத்துச் செய்த கண் ஆணி மலிவாகக் கிடைக்கும். அது நேராக இழுக்கத்தான் தாங்கும். நாம் இழுப்பது சாய்வாக. சாய்ந்த இழுப்பில் கண் விரியும். லொறித் தளத்தில் பூட்டும் மடக்கு வளையம், தகட்டோடு வருவது, அதுதான் சரி. எந்தப் பக்கம் இழுத்தாலும் அதன் வளையம் அந்தப் பக்கம் சாய்ந்து கொடுக்கும்.

அதற்கு மேலே பிளைவுட். 12 மில்லிமீற்றர் மரைன் பிளைவுட் போதும். தகரத்தின் மேடுபள்ளத்தை மூடி, பாரத்தைப் பரப்பிக் கொடுக்கும். வெட்டின விளிம்பைத்தான் தண்ணீர் முதலில் பிடிக்கும். பைபர் படகு செய்கிறவர்கள் திருமலையில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் கொஞ்சம் ரெசின் வாங்கி விளிம்பு முழுக்கவும் ஆணி ஓட்டைக்குள்ளும் பூசுங்கள். இந்த ஊரில் இருப்பதன் நன்மை அது. பிளைவுட்டை நிரந்தரமாக ஒட்டவேண்டாம். வருஷத்துக்கு ஒருதரமாவது கழற்றிக் கீழே துரு பிடிக்கிறதா என்று பார்க்க முடியவேண்டும். ரப்பர் பாயை நேரே தகரத்தின் மேல் விரிப்பதை நான் ஏற்கமாட்டேன், ஈரம் அதற்கடியில் மாதக்கணக்கில் நிற்கும்.

முன்சில்லைக் கவ்வி நிறுத்தும் இரும்புத் தாங்கி ஒன்றையும் அதே தளத்தில் பூட்டுங்கள். வெல்டிங் கடையில் செய்துகொள்ளலாம். சில்லு உள்ளே போனதும் பைக் தானாக நிற்கவேண்டும், ஆள் பிடிக்காமல். அப்போது தனியாளாகவும் கட்டலாம். மேலே சொன்ன அந்த 110 கிலோவைத் தாங்கப்போவது இதுதான், ஆகவே பிளைவுட்டில் மட்டும் மர ஆணியால் பூட்டிவிட்டு வராதீர்கள். ஆணி தகரத்தையும் கடந்து கீழ்த் தகடு வரை போகவேண்டும்.

27 ஜனவரி 2025

"இவ்வளவும் செய்வதற்கு ஒரு டிமோ பட்டாவை வாடகைக்குப் பிடித்தால் என்ன?" நியாயமான கேள்வி. சின்ன லொறியின் தளம் திறந்தது, வளையம் ஏற்கெனவே இருக்கும், ஏற்றுவதும் இலகு. ஒரே ஒரு தடவை போய்ப் பார்க்க விரும்புகிறவருக்கு அதுதான் புத்தி. மழை வந்தால் பைக் நனையும், இரவில் அதை விட்டுவிட்டுத் தூங்கமுடியாது. வானென்றால் கதவைப் பூட்டிவிட்டு உள்ளேயே படுக்கலாம். 2020இல் போட்ட இறக்குமதித் தடையால் பழைய வானின் விலையும் தலைக்கு மேலே போய்விட்டது. மாமாவின் வான் கிடைக்கிற தம்பி பாக்கியசாலி.

2 பெப்ரவரி 2025

ஏற்றுபலகை. தம்பி வானின் பின்தளம் நிலத்திலிருந்து 62 சென்டிமீற்றர் என்று அளந்து எழுதியிருக்கிறார். சரி, 2 மீற்றர் பலகை வைத்தால் சாய்வு 18 பாகை, பைக்கைத் தள்ள 43 கிலோ விசை வேண்டும். 2.4 மீற்றர் வைத்தால் 15 பாகை, 36 கிலோ. அந்த ஏழு கிலோ வித்தியாசம் எழுத்தில் சின்னதாகத் தெரியும், களைத்துப்போன பின்னேரத்தில் தெரியாது என்று சொல்லமுடியாது. இன்னொன்று, சாய்வு குறைந்தால் மேல் விளிம்பில் பைக்கின் அடிவயிறு தட்டுவதும் குறையும்.

நிலத்தையும் பாவிக்கலாம். வானின் பின்பக்கம் மேட்டைப் பார்க்க நிறுத்தினால் பலகையின் கீழ்நுனி உயரும், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். உவர்மலை மாதிரி ஏற்றமுள்ள தெருவில் வீடு இருந்தால் இரண்டு மீற்றர் பலகையே தாராளம்.

இரண்டு பலகை வேண்டும். ஒன்று பைக்குக்கு, மற்றது உங்கள் காலுக்கு. பைக் மேலே ஏறின பிறகு நீங்கள் நிலத்தில் நின்றால் கை எட்டாது, அந்தக் கணத்தில்தான் பைக் சரியும். பைக்கின் பலகையை வானோடு ஒரு பட்டியால் கட்டிவிடுங்கள். சில்லு ஏறும்போது பலகையைப் பின்னுக்கு உதைக்கும், கட்டாவிட்டால் நழுவி விழும். எஞ்சினைப் போட்டு ஓட்டி ஏற்றுவது வீடியோவில் பார்க்க நன்றாயிருக்கும். செய்யாதீர்கள்.

பின்கதவின் உயரத்தையும் அளந்துபாருங்கள். ஆர்15இன் உயரம் 1135 மில்லிமீற்றர். கண்ணாடியைக் கழற்றினால் நுழையும், ஆனால் தள்ளுகிறவர் குனிந்துதான் உள்ளே போகவேண்டும். ஒருவர் பின்னாலிருந்து தள்ள, ஒருவர் உள்ளே குந்தியிருந்து முன்சில்லைத் தாங்கிக்குள் வழிகாட்டுவது நல்லது.

3 பெப்ரவரி 2025

பாலை மரப் பலகை வைக்கலாமா என்று ஒருவர். தாராளமாக. பலமான மரம். பாரம்தான், தூக்கப்போவது நீங்கள். மேலே மணல் கலந்த பெயின்ட் ஒரு பூச்சுப் பூசுங்கள், மழையில் வழுக்காது.

9 பெப்ரவரி 2025

இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள், இனி வான் மலியும் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். வரியைக் கூட்டிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். நமது விஷயத்துக்கு வருகிறேன்.

பெற்றோல் வாடை. மூடின வானுக்குள் பைக் நிற்கும்போது பெற்றோல் தாங்கி முழுதாக இருக்கக்கூடாது. திருமலை வெயிலில் பெற்றோல் விரியும், மூடியின் காற்றுக் குழாயால் கசியும். ஆவி காற்றைவிடப் பாரமானது, ஆகவே மேலே போகாமல் தளத்தில் படிந்து நிற்கும். மேல் ஜன்னலை மட்டும் திறந்து வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கமுடியாது. கால்வாசித் தாங்கியோடு ஏற்றுங்கள், முன் ஜன்னல் இரண்டும் கொஞ்சம் திறந்திருக்கட்டும், ஏசியை வெளிக்காற்று எடுக்கும்படி வையுங்கள். கார்புரேட்டர் பைக்கென்றால் குழாயை மூடவேண்டும். களுத்துறையில் நிரப்பிக்கொள்ளலாம், கேனில் கொண்டுபோகத் தேவையே இல்லை. பைக்கோடு உள்ளே படுக்கிறவர் பின்கதவை ஒரு சாண் திறந்து கட்டிவிட்டுப் படுக்கவேண்டும். நுளம்பு வரும், வலை போடுங்கள். உள்ளே நெருப்பு, சிகரெட், தேநீர் அடுப்பு, ஒன்றும் கூடாது. இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

16 பெப்ரவரி 2025

வழி. ஏ6 வீதிதான், வேறு யோசனை இல்லை. புறப்பட்டுத் தம்பலகாமம் சந்தியில் ஒருதரம் நிறுத்திப் பட்டியைப் பாருங்கள். முதல் இருபது கிலோமீற்றருக்குள்தான் ஷொக்கும் டயரும் வளையமும் தங்கள் இடத்தில் உட்காரும், பட்டி ஒரு பல் அளவு தளர்ந்திருக்கும். மறுபடி இறுக்குங்கள். கந்தளாயில் இன்னொரு தடவை. அதன்பிறகு கைவைத்துப் பார்த்தால் போதும்.

கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் நடுவில் யானை. இருட்டினபிறகு அந்த ரோட்டில் போகாமல் இருக்கத் திட்டம் போடுங்கள். அதிகாலை நாலு மணிக்குப் புறப்பட்டால் அன்றைக்கே போய் ஓட்டலாம் என்று கணக்குப் போடுகிறவர் எல்லாம் அந்தக் காட்டைச் சரியான கெட்ட நேரத்தில் கடக்கிறார். முதல் நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுப் புறப்படுங்கள். வெளிச்சத்தில் ஹபரணை, பொழுதுபடக் குருநாகல், இரவுக்குக் களுத்துறை. நெடுஞ்சாலையில் மணிக்கு 100 வரை போகலாம், நான் 80இல் போவேன். யானை ரோட்டுக்கு ஏறினால் பிடிக்கிற பிரேக்தான் உங்கள் தளத்துக்கும் பட்டிக்கும் வைக்கிற சோதனை. அதற்குத்தான் இத்தனை இரும்பு.

17 பெப்ரவரி 2025

கேட்டதற்குப் பதில்: ஆம், கட்டுக்குருந்த பழைய விமான ஓடுபாதைதான். இரண்டாம் உலகப்போரில் பிரித்தானியக் கடற்படை விமானங்களுக்காகப் போட்டது, 1942இல் தொடங்கியது. நமது சீனக்குடாவை ஜப்பான் விமானங்கள் குண்டு போட்ட வருஷமும் அதுவே, ஏப்ரல் 9. போர்க்கால ஓடுபாதை இருக்கிற ஒரு ஊரிலிருந்து இன்னொன்றுக்குப் போய் ஓட்டுகிறோம். சீனக்குடாவிலும் ஒருநாள் ஓட்டவிடுவார்களா என்று சின்ன வயதிலிருந்தே ஆசை, அது விமானப்படை முகாம், நடக்காது.

8 மார்ச் 2025

தம்பி போய்வந்துவிட்டார். பைக் அசையவில்லையாம், சந்தோஷம். அவர் எழுதினதில் ஒன்றை மற்றவர்களுக்காக எடுத்துப் போடுகிறேன்: "போகும்போது மெதுவாக, யோசித்து யோசித்துக் கட்டினோம். வரும்போது அவசரம், இருட்டு, கை நடுக்கம். ஒரு கொக்கி சரியாக மாட்டவில்லை, தற்செயலாகத்தான் கண்டேன்."

இது எல்லாருக்கும் வரும். ஆகவே கட்டும் ஒழுங்கை எழுதிப் பின்கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். எந்தப் பட்டி எந்த வளையத்துக்கு என்று நிறத்தாலே தெரியட்டும், முன்னுக்கு ஒரு நிறம், பின்னுக்கு ஒரு நிறம். உள்ளே ஒரு நல்ல விளக்கும் பூட்டுங்கள், பழைய டொல்பினின் கூரை விளக்கில் கொக்கி தெரியாது. ஓடி முடித்த உடனே ஏற்றவேண்டாம். தண்ணீர் குடித்து, உடுப்பு மாற்றி, அரை மணித்தியாலம் நிழலில் இருந்துவிட்டு ஏற்றுங்கள். சூடான சைலன்சர் பட்டியில் பட்டால் பொலியெஸ்டர் உருகும், பைக்கும் ஆறவேண்டும்.

இன்றைக்கு யோசிக்கும்போது, 19ஆந் திகதிக் குறிப்பில் முன்னுக்கு ரட்செட் என்று எழுதினதோடு இதையும் சேர்க்கவேண்டும் என்று படுகிறது: களைத்த கைக்கு ரட்செட் நல்லது. கேம் பக்கிளை இழுக்கப் பின்னேரத்தில் உடம்பில் பாரம் போதாமல் போகலாம். பின்னுக்கும் சின்ன ரட்செட் போடுகிறேன் என்று ஒருவர் சொன்னால் இனி நான் மறுக்கமாட்டேன், அளவோடு இறுக்கினால் சரி.

30 மார்ச் 2025

காலம். பெப்ரவரியிலும் மார்ச்சிலும் இரண்டு கரையிலும் வானம் பெரும்பாலும் நல்லது. பிறகு இங்கே கச்சான் காற்று அடித்து நிலம் வெடிக்கிற மாதங்களில் அங்கே தென்மேற்குப் பருவமழை. திருமலை வெயிலைப் பார்த்துவிட்டு ஜூனில் கிளம்பி, களுத்துறையில் நனைந்த பாதையில் நிற்கவேண்டிவரும். நவம்பர், டிசம்பரில் மழை நம் பக்கம், அந்த நாட்களில் கந்தளாய் ரோட்டில் தண்ணீர் ஏறுகிறதா என்று விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.

வானின் புத்தகத்தில் இருபயன் வாகனம் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். பைக்கின் புத்தகம், வரி அனுமதிப் பத்திரம், காப்புறுதி மூன்றின் பிரதியும் உறையில் போட்டு வானிலேயே இருக்கட்டும். சோதனைச் சாவடியில் நிறுத்தினால், கண்ணாடியும் விளக்கும் கழற்றின பைக்கைப் பின்னால் கண்டதும் யாருடையது என்றுதான் முதலில் கேட்பார்கள். இலக்கத் தகட்டைக் கழற்றினாலும் கையோடு வைத்திருங்கள்.

13 ஏப்ரல் 2025

பட்டியை எவ்வளவு காலம் பாவிக்கலாம்? வெயிலும் உப்பும் பொலியெஸ்டரைத் தின்னும். நிறம் வெளிறி, தடவும்போது தூள் வந்தால் வீசுங்கள். விளிம்பில் நூல் அறுந்திருந்தாலும் வீசுங்கள், தைத்து மறுபடி பாவிக்காதீர்கள். ரட்செட்டின் பல்லில் மணல் புகுந்தால் நழுவும். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, பல்லுக்கு மட்டும் ஒரு சொட்டு ஒயில். பட்டியில் ஒயில் படவேண்டாம். வானுக்குள்ளே டாஷ்போர்டில் சுருட்டி வைப்பதைத் தவிர்த்து, மூடியுள்ள வாளி ஒன்றில் போட்டு வையுங்கள்.

பழையதை வீசும்போது நடுவால் வெட்டிவிட்டு வீசுங்கள். யாராவது எடுத்துத் தன் பைக்கைக் கட்டிவிடுவார்.

27 ஏப்ரல் 2025

நிலாவெளியிலிருந்து ஒருவர் லைட்ஏஸ் வானில் ஆர்15 நிற்குமா என்கிறார். பைக்கின் நீளம் 1990 மில்லிமீற்றர். பின்கதவின் உள்பக்கத்திலிருந்து முன் இருக்கையின் முதுகு வரை, தளத்தில் ஓர் அளவு, இருக்கை முதுகின் உயரத்தில் ஓர் அளவு, இரண்டையும் எடுத்துப் போடுங்கள். முன்சில்லுத் தாங்கிக்கு இன்னும் ஒரு சாண் வேண்டும். நேராக நிற்காவிட்டால் மூலைக்கு மூலை வைக்கலாம், ஆனால் அப்போது இரண்டு முன் பட்டியும் ஒரே கோணத்தில் வராது, வளையத்தின் இடத்தை அதற்கேற்பப் புதிதாகக் கணக்குப் போடவேண்டும். அளவு வந்தபிறகு பேசுவோம். அதுவரை ஒன்றையும் துளைக்காதீர்கள்.